உடம்புக்குள்ளே ஒரு தொழிற்சாலை

(தொடர்கல்வி மையக் கூட்டம் ஒன்றில் பேசியது)



இன்று ஒரு தொழிற்சாலையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குப் புகைபோக்கி கிடையாது. சங்கு ஊதாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடையாது. நாம் தூங்கும்போதும் அங்கே வேலை நடக்கிறது.

எங்கே இருக்கிறது அந்தத் தொழிற்சாலை? நம் வயிற்றுக்குள்ளேதான் இருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால் ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் ஓர் உறுப்பு படுத்திருக்கிறது. அதன் பெயர் கணையம். அது செய்கிற சரக்குகளில் ஒன்றின் பெயர் உங்களுக்குத் தெரியும். இன்சுலின்.

சர்க்கரை நோய் இல்லாத தெரு இன்று உண்டா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2023-ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கும் மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அது சொன்னது. அவர்களில் பலர் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார்கள்.

ஏன் ஊசி? மாத்திரையாக விழுங்கினால் என்ன? இன்சுலினை ஏன் குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள்? பாட்டிலில் 40 என்றும் 100 என்றும் போட்டிருக்கிறதே, அது என்ன? இந்தக் கேள்விகளைப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். இன்சுலின் என்ன பொருள், உடம்பு அதை எப்படிச் செய்கிறது என்று தெரிந்தால் இவற்றுக்கு விடை தானாகக் கிடைக்கும். வாருங்கள், தொழிற்சாலைக்குள் போவோம்.

இன்சுலின் எதற்கு?

நாம் சோறு சாப்பிடுகிறோம். சப்பாத்தி சாப்பிடுகிறோம். அது செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரைதான் தசைக்கு உணவு. ஆனால் இரத்தத்தில் ஓடினால் மட்டும் போதாது. தசைக்குள்ளே நுழைய வேண்டும். நுழையக் கதவு திறக்க வேண்டும். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லும் ஆள்தான் இன்சுலின்.

இன்சுலின் இல்லாவிட்டால்? சர்க்கரை வெளியிலேயே நிற்கும். சிறுநீரில் கலந்து போகும். அதோடு தண்ணீரும் போகும். தாகம் எடுக்கும். உடம்பு இளைக்கும். பந்தியில் சோறு நிறைந்திருந்தும் வாய் கட்டப்பட்டவன் நிலைதான் அது.

1922-ஆம் ஆண்டுக்கு முன் இதற்கு மருந்து கிடையாது. இந்த நோய் வந்த குழந்தைகள் எலும்பும் தோலுமாகி இறந்துபோனார்கள். 1922-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கனடா நாட்டில் டொரன்டோ நகர மருத்துவமனையில் லியனார்டு தாம்சன் என்ற சிறுவன் படுத்திருந்தான். வயது 14. எடை சுமார் 30 கிலோதான். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை அவனுக்கு ஊசியாகப் போட்டார்கள். முதல் ஊசி சரியாகப் பலன் தரவில்லை. சாற்றில் கசடு இருந்தது. அதை மேலும் தூய்மை செய்து, 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. சிறுவன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இந்த வேலையைச் செய்தவர்கள் பான்டிங், பெஸ்ட், காலிப், மெக்லியாட் என்ற நால்வர். அவர்களில் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் இன்சுலினுக்கான காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு வெறும் ஒரு டாலர் வீதம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். பணம் சேர்ப்பதற்காக அவர்கள் இதைச் செய்யவில்லை.

செல் என்றால் என்ன?

செல் என்றதும் சிலர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். நான் சொல்வது அந்தச் செல் அல்ல!

செங்கல் செங்கலாக அடுக்கி வீடு கட்டுகிறோம். அதுபோல நம் உடம்பு செல்களால் ஆனது. ஒரு மனித உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் உண்டு. பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஆனால் செங்கல்லுக்கு உயிர் இல்லை. செல்லுக்கு உயிர் உண்டு. அது உண்ணும், உழைக்கும், பொருள் செய்யும்.

செல் செய்யும் பொருள்களில் முக்கியமானது புரதம். புரதம் என்றால் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கும் சத்து என்று படித்திருப்பீர்கள். அது சரிதான். ஆனால் நாம் சாப்பிடும் புரதத்தை உடம்பு அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அதைச் சின்னச் சின்ன மணிகளாக உடைக்கிறது. அந்த மணிகளைக் கொண்டு தனக்கு வேண்டிய புரதத்தைப் புதிதாகக் கோக்கிறது. தலைமுடி புரதம். நகம் புரதம். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினும் புரதம். இன்சுலினும் ஒரு புரதம்தான்.

கணையத்தில் தீவு தீவாகச் சில செல்கள் கூடி இருக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்குப் பீட்டா செல் என்று பெயர். உடம்பில் இன்சுலின் செய்வது இந்தச் செல்களின் வேலை.

மூலப் பத்திரமும் நகலும்

எந்தப் பொருளைச் செய்யவும் ஒரு குறிப்பு வேண்டும். தையற்காரர் அளவு எழுதி வைக்கிறார். செல்லுக்கும் அப்படி ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. அதன் பெயர் டி.என்.ஏ. செல்லின் நடுவில் உள்ள அறையில் அது பத்திரமாக இருக்கிறது. அந்த அறைக்கு உட்கரு என்று பெயர்.

நீங்கள் தமிழ் படித்தபோது 247 எழுத்துகள் இருக்கின்றன என்று மலைத்தீர்கள். செல்லின் புத்தகத்தில் எழுத்து எத்தனை தெரியுமா? நாலே நாலு! ஏ, டி, ஜி, சி என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் புத்தகம் மிகப் பெரியது. இந்த நாலு எழுத்தே மாறி மாறி வந்து சுமார் 300 கோடி எழுத்துகள் ஓடுகின்றன.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் என்ன செய்கிறார்கள்? பதிவேட்டை அங்கேயே பாதுகாத்து வைக்கிறார்கள். கேட்பவருக்கு நகல் மட்டும் தருகிறார்கள். செல்லிலும் அதுதான் நடக்கிறது. டி.என்.ஏ. அறையை விட்டு வெளியே வராது. வேண்டிய பக்கத்துக்கு மட்டும் ஒரு நகல் எடுக்கப்படும். அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். அது வெளியே வரும். வேலை முடிந்ததும் அழிந்துவிடும்.

ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இதே முழுப் புத்தகம்தான் இருக்கிறது. தோலில் உள்ள செல்லிலும் இன்சுலின் பக்கம் உண்டு. ஆனால் அது அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. பீட்டா செல்தான் திறந்து நகல் எடுக்கிறது.

இந்த எழுத்தை எப்படிப் படிப்பது? மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். மூன்றெழுத்து ஒரு சொல். ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லும் ஒரு மணியின் பெயரைச் சொல்லும். எந்தச் சொல் எந்த மணியைக் குறிக்கிறது என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஹர் கோவிந்த் கொரானா. 1968-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அன்றைய பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊரில் சுமார் நூறு பேர்தான் இருந்தார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அவருடைய குடும்பம் ஒன்றுதான். ஏழைக் குடும்பம். ஆனாலும் தந்தை பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அந்தப் பிள்ளை உயிரின் எழுத்தையே படித்துக் காட்டினார்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? மலை என்பதில் ஓர் எழுத்து மாறினால் மழை ஆகிவிடும். உடம்பிலும் அப்படித்தான். ஹீமோகுளோபின் குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது அரிவாள் செல் இரத்தச்சோகை. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் அந்த மாறிய எழுத்தே வந்த பிள்ளைக்கு இரத்த அணு அரிவாள் போல வளைந்துவிடும். இரத்தக் குழாயில் அடைத்துக்கொள்ளும். தாங்க முடியாத வலி வரும். மத்திய இந்தியாவிலும் நீலகிரி போன்ற பகுதிகளிலும் பழங்குடி மக்கள் பலருக்கு இந்நோய் இருக்கிறது. இதை ஒழிக்க மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. ஓர் எழுத்தின் மதிப்பு எவ்வளவு, பார்த்தீர்களா?

மணி கோக்கும் இடம்

நகல் வெளியே வந்துவிட்டது. இனி மணி கோக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ரைபோசோம் என்ற மிகச் சிறிய கருவி. பல செல்களில் லட்சக்கணக்கில் இது இருக்கிறது.

ரைபோசோம் நகலைப் பிடித்துக்கொள்ளும். மூன்று எழுத்தைப் படிக்கும். அதற்குரிய மணியை எடுத்துக் கோக்கும். அடுத்த மூன்று எழுத்தைப் படிக்கும். அடுத்த மணியைக் கோக்கும். நொடிக்கு ஏறக்குறைய ஐந்து மணி! பூக்காரம்மாவின் விரல்கூட இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது.

மணிகளில் 20 வகை உண்டு. அவற்றை அமினோ அமிலம் என்று சொல்வார்கள். அவற்றில் சிலவற்றை உடம்பால் செய்துகொள்ள முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். பருப்பும் பயறும் முட்டையும் பாலும் சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

இந்த ரைபோசோமின் வடிவத்தை நுட்பமாகக் கண்டறிந்ததற்காக 2009-ஆம் ஆண்டு மூவர் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களில் ஒருவர் வெங்கி ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்தவர்.

மாலையின் நுனியில் முகவரி

இன்சுலினுக்காகக் கோத்த மாலையில் முதலில் 110 மணிகள் இருக்கும். அத்தனையும் இன்சுலின் அல்ல. முதல் 24 மணிகள் முகவரி.

கடிதத்தின் மேல் பின்கோடு எழுதுகிறோம் அல்லவா? ஆறு எண்தான். ஆனால் அதை வைத்துக் கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் சரியாகப் போய்ச் சேருகிறது. அந்த 24 மணியும் பின்கோடு போன்றதுதான். இந்தச் சரக்கு செல்லுக்குள் தங்குவதற்கு அல்ல, வெளியே அனுப்ப வேண்டியது, ஆகவே அந்தக் கூடத்துக்குக் கொண்டு போ என்று அது சொல்கிறது. புரதங்களுக்கு இப்படி முகவரி உண்டு என்று காட்டியவர் குந்தர் புளோபல். 1999-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முகவரியைப் பார்த்ததும் செல்லில் உள்ள காவல்கார மூலக்கூறு ஒன்று ரைபோசோமையே அழைத்துக்கொண்டு போய் ஒரு கூடத்தின் வாசலில் நிறுத்தும். மாலை கோக்கக் கோக்க உள்ளே நுழையும். நுழைந்ததும் முகவரி வெட்டி எடுக்கப்படும். வீட்டுக்கு வந்து சேர்ந்தபின் உறையைக் கிழிக்கிறோம் அல்லவா, அதுபோல.

மடிப்புக் கூடம்

அந்தக் கூடத்துக்குப் பாடப் புத்தகத்தில் எண்டோபிளாச வலை என்று பெயர். நாம் சுலபமாக மடிப்புக் கூடம் என்று சொல்வோம். மணி மாலை இங்கேதான் மடிகிறது.

மடிப்பது ஏன் முக்கியம்? சாவியை எண்ணிப் பாருங்கள். இரும்புத் துண்டு கதவைத் திறக்காது. சரியான வடிவத்தில் அராவிய இரும்புத்தான் திறக்கும். புரதமும் அப்படியே. நீண்ட மாலையாக இருக்கும்வரை அதற்கு வேலை தெரியாது. சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். இன்சுலின் மாலை மடிந்தபின் மூன்று இடத்தில் முடிச்சு விழும். அந்த முடிச்சுகள்தான் வடிவத்தைக் கெட்டியாகப் பிடித்து வைக்கின்றன.

கூடத்தில் மேற்பார்வையும் உண்டு. தப்பாக மடிந்த மாலையை வெளியே விடமாட்டார்கள். மறுபடி மடிக்க வாய்ப்புக் கொடுப்பார்கள். அப்படியும் சரிவராவிட்டால் வெளியே தள்ளி உடைத்துவிடுவார்கள். மணி வீணாவதில்லை. வேறு மாலைக்குப் பயன்படும்.

மடிப்பு கலைந்தால் என்ன ஆகும் என்று உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றுகிறோம். கண்ணாடி போல இருந்த வெள்ளைக் கரு, சூடு பட்டதும் வெள்ளையாகக் கெட்டிப்படுகிறது. அந்தக் கருவில் உள்ள புரதத்தின் மடிப்பு கலைந்துவிட்டது. ஆற வைத்தால் பழையபடி ஆகுமா? ஆகாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

பிரித்து அனுப்பும் இடம்

மடிந்த சரக்கு சின்னஞ்சிறு பைகளில் ஏறி அடுத்த இடத்துக்குப் போகிறது. அதற்குக் கோல்ஜி என்று பெயர். 1898-ஆம் ஆண்டு அதைக் கண்டு சொன்ன இத்தாலிய மருத்துவரின் பெயர் அது. தட்டுத் தட்டாக அடுக்கி வைத்தாற்போல இருக்கும்.

தபால் பிரிக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இது மதுரை, இது மும்பை, இது கொல்கத்தா என்று பிரித்துப் பையில் போடுவார்கள். கோல்ஜியின் வேலையும் அதுவே. இது செல்லின் மேல்தோலுக்கு, இது குப்பை அரைக்கும் இடத்துக்கு, இது வெளியூருக்கு என்று பிரிக்கும். இன்சுலின் வெளியூர்ச் சரக்கு. அதைத் தனிப் பையில் கட்டும்.

பைக்குள் கடைசி வேலை ஒன்று நடக்கிறது. மாலையின் நடுவில் இருக்கும் துண்டை வெட்டி எடுக்கிறார்கள். மடிக்கும்போது வடிவம் சரியாக அமைய உதவியது அந்தத் துண்டு. வீட்டுக்குத் தளம் போடும்போது முட்டுக் கொடுக்கிறோம், தளம் இறுகியதும் எடுத்துவிடுகிறோம் அல்லவா? அதுபோல. வெட்டியபின் மிஞ்சுவது 51 மணிகள். அதுதான் இன்சுலின்.

வெட்டிய துண்டும் வீண் இல்லை. அதுவும் இன்சுலினோடு சேர்ந்து இரத்தத்துக்கு வரும். சி-பெப்டைடு என்று அதற்குப் பெயர். ஒருவர் உடம்பு சொந்தமாக இன்சுலின் செய்கிறதா, இல்லையா என்று அறிய மருத்துவர்கள் இரத்தத்தில் இந்தத் துண்டைத் தேடுகிறார்கள்.

இன்சுலின் ஆறு ஆறாகச் சேர்ந்து, துத்தநாகத்தோடு கூடிப் பைக்குள் காத்திருக்கும். நாம் சாப்பிட்டோம். இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. பீட்டா செல் அதை உணர்ந்துகொள்ளும். பைகள் செல்லின் ஓரத்துக்குப் போய்ச் சுவரோடு ஒட்டும். வாய் திறக்கும். இன்சுலின் இரத்தத்தில் கொட்டும். சாப்பிட்ட சில நிமிடத்திலேயே இது தொடங்கிவிடும். சர்க்கரை இறங்கினால் கொட்டுவதும் குறைந்துவிடும். கொட்டிய இன்சுலினில் பாதி ஐந்தாறு நிமிடத்தில் தீர்ந்துபோகும். இவ்வளவு கணக்காக எந்தக் கடைக்காரரும் அளந்து தரமாட்டார்.

கூடத்திலிருந்து கோல்ஜி, கோல்ஜியிலிருந்து வாசல் என்ற இந்த வழியைக் கணையச் செல்களில் ஆராய்ந்து காட்டியவர் ஜார்ஜ் பலாடே. மணிகளுக்கு அடையாளம் வைத்து, அவை எங்கெங்கே போகின்றன என்று பின்தொடர்ந்து பார்த்தார். 1974-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். பைகள் எப்படிச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் சரக்கை இறக்குகின்றன என்று கண்டறிந்த மூவருக்கு 2013-ஆம் ஆண்டு அந்தப் பரிசு கிடைத்தது.

தொழிற்சாலை நின்றுபோனால்

சிலருக்கு, பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும், உடம்பின் காவல் படையே பீட்டா செல்களைப் பகைவர் என்று எண்ணி அழித்துவிடுகிறது. இது முதல் வகைச் சர்க்கரை நோய். இங்கே தொழிற்சாலையே இல்லை. வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்தே ஆக வேண்டும்.

பெரியவர்களுக்கு அதிகமாக வருவது இரண்டாம் வகை. இன்சுலின் வருகிறது. ஆனால் அதன் பேச்சைத் தசை சரியாகக் கேட்பதில்லை. பீட்டா செல் மேலும் மேலும் உழைக்கிறது. ஒரு நாள் களைத்துப்போகிறது. உணவில் கட்டுப்பாடு, நடை, மாத்திரை ஆகியவற்றால் பலர் நன்றாக இருக்கிறார்கள். சிலருக்கு ஊசியும் தேவைப்படும்.

ஊசி போட்டால் கடைசிக் கட்டம் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. போதைப் பொருள் போலப் பழகிவிடும் என்கிறார்கள். அதுவும் இல்லை. உடம்பு தானே செய்ய வேண்டிய பொருளைத்தான் நாம் கொடுக்கிறோம்.

முன்பு மாடு, பன்றியின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். 1978-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் மனித இன்சுலின் குறிப்பைப் பாக்டீரியா என்ற நுண்ணுயிருக்குள் வைத்தார்கள். அது அந்தக் குறிப்பைப் படித்து மணி கோத்தது! மனிதனுக்கும் பாக்டீரியாவுக்கும் எழுத்து ஒன்றே. 1982-ஆம் ஆண்டு அந்த இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. ஆனால் பாக்டீரியாவுக்குள் மடிப்புக் கூடமும் இல்லை, கோல்ஜியும் இல்லை. ஆகவே மடிக்கும் வேலையையும் வெட்டும் வேலையையும் மருந்துத் தொழிற்சாலையில் மனிதர்கள் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு சிறு செல் சத்தமில்லாமல் செய்வதை நாம் பெரிய கட்டடம் கட்டிச் செய்கிறோம்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம்

ஏன் விழுங்கக் கூடாது? இன்சுலின் புரதம். வயிற்றுக்குப் போனால் பருப்பை உடைப்பது போல அதையும் மணி மணியாக உடைத்துவிடும். ஆகவேதான் தோலுக்கு அடியில் ஊசி.

ஏன் குளிர்ச்சி? முட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகச் சூடு பட்டால் இன்சுலினின் வடிவமும் கெடும். பாட்டிலை வெயிலில், அடுப்படியில், வண்டியின் பெட்டியில் வைக்கக் கூடாது. அதற்காகப் பனிக்கட்டி அறையிலும் வைக்கக் கூடாது. உறைந்தாலும் கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதன் கீழ்த் தட்டில் வைக்கலாம். இல்லாதவர்கள் பாட்டிலைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, தண்ணீர் உள்ள மண்பானையில் நிழலில் வைக்கலாம். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் போடாதீர்கள். சில வகை இயல்பாகவே பால் போல இருக்கும். உருட்டிய பிறகும் அதில் கட்டி கட்டியாகத் தெரிந்தால் அதையும் போடாதீர்கள்.

40, 100 என்பது என்ன? ஒரு மில்லி மருந்தில் எத்தனை யூனிட் இன்சுலின் என்று சொல்லும் எண் அது. நம் நாட்டில் இரண்டு வகையும் விற்கிறது. 40 பாட்டிலுக்கு 40 என்று போட்ட ஊசிக்குழல். அதன் மூடி வழக்கமாகச் சிவப்பு. 100 பாட்டிலுக்கு 100 என்று போட்ட ஊசிக்குழல். அதன் மூடி வழக்கமாக ஆரஞ்சு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். எண்ணைப் படியுங்கள். 100 பாட்டில் மருந்தை 40 ஊசிக்குழலில் எடுத்தால், போட வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும். சர்க்கரை மிகவும் இறங்கி உயிருக்கே ஆபத்து வரும். ஊசி போட்டவருக்கு உடம்பு நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால், விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது தாய்மார்களுக்கு. பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்கிறதா? அடிக்கடி சிறுநீர் போகிறதா? இரவில் படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடி நனைக்கிறதா? நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா? கண்ணேறு என்று திருஷ்டி கழித்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு இரத்தம் போதும். வாந்தியும் வேகமான மூச்சும் வந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

முதல் வகை நோய் உள்ள பிள்ளைக்கு, கஷாயம் போதும், வேர் போதும், ஊசியை நிறுத்து என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எந்த வேரும் அழிந்த பீட்டா செல்லின் வேலையைச் செய்யாது. ஊசியை நிறுத்தினால் சில நாளிலேயே உயிர் போய்விடும். 1922-க்கு முன் பிள்ளைகள் அப்படித்தான் இறந்தார்கள். இன்று ஒரு பிள்ளையும் அப்படி இறக்கத் தேவையில்லை. இன்சுலின் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கேளுங்கள். கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

நண்பர்களே, நம் உடம்பில் ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான ரைபோசோம்கள் எழுத்தைப் படித்துக்கொண்டே இருக்கின்றன. அவை சரியாகப் படிப்பதால் நாம் நலமாக இருக்கிறோம். ஏதோ ஒரு காரணத்தால் அந்த வேலை நின்றுபோன பிள்ளைக்கு, வெளியே ஒருவர் சரியாகப் படிக்க வேண்டும். பாட்டிலில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். காலாவதித் தேதியைப் படிக்க வேண்டும். மருத்துவர் எழுதிய அளவைப் படிக்க வேண்டும்.

அதைப் படிக்க இப்போது உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் யாராவது, எழுத்துத் தெரியாமல் நிறத்தையும் பழக்கத்தையும் மட்டும் நம்பி இருக்கக்கூடும். இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போங்கள். பாட்டிலையும் ஊசிக்குழலையும் வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று படித்துச் சொல்லுங்கள்.